மட்டை மெஷினும் ஒரு துண்டு வயரும்

இந்தப் பக்கம் வந்து நாலு மாசம் ஆச்சு. மார்ச் முடிவு, ஆடிட், அப்புறம் தங்கமணியோட ஊர்ப் பயணம்னு ஏதாவது ஒரு சாக்கு. இன்னிக்கு எழுத உட்கார்ந்தது எங்க சொசைட்டியில மரக்கிளை அரைக்கிற மெஷின் பத்தி. எல்லாரும் ஷ்ரெட்டர்னு சொல்லுவாங்க, எங்க வீட்டுல அதுக்குப் பேரு மட்டை மெஷின். ஓடிடாதீங்க மக்கா, கொஞ்சம் பொறுமையா படிங்க :-)

பூனாவுல இருக்கறவங்களுக்குக் குப்பைக் கதை தெரியும். ஊர்க் குப்பையெல்லாம் பல வருஷம் உருளி தேவாச்சிக்கும் புர்சுங்கிக்கும் போய்க்கிட்டிருந்தது. 2017-ல அங்க தீப்பிடிச்சதும் ஊர்க்காரங்க லாரியை உள்ள விடமாட்டோம்னு வாரக்கணக்குல மறிச்சுட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம்தான் புது திடக்கழிவு விதிகள் வந்திருந்தது. தோட்டக் குப்பையைத் தனியா உங்க வளாகத்துலயே வைங்க, தெருவுல கொளுத்தாதீங்கன்னு அதுல சொல்லியிருந்தாங்க. 2016 டிசம்பர்ல பசுமைத் தீர்ப்பாயம் வேற, குப்பை கொளுத்தினா 5,000 ரூபாய், மொத்தமா கொளுத்தினா 25,000 ரூபாய்னு அபராதம் போட்டுது. எங்க வளாகத்துல தூங்குமூஞ்சி மரம் ஆறு, குல்மோஹர் நாலு, தென்னை பதினொண்ணு. தினமும் வர்ற ஸ்வச் அக்காங்க வீட்டுக் குப்பையை எடுத்துட்டுப் போவாங்க, தென்னை மட்டையை அவங்க தலையில கட்ட முடியுமா? அதனால கமிட்டி கூடி, ஏழரை குதிரைசக்தி த்ரீ ஃபேஸ் மெஷின் ஒண்ணு வாங்கினோம். ஏழரைன்னு கேட்டப்பவே நான் உஷாராகியிருக்கணும்.

பொருளாளர் நான்தான். பேங்க்ல வேலைன்னா சொசைட்டி கணக்கு தானா தலையில விழும், எல்லா ஊர்லயும் இதே கதைதானே.

மெஷினை ஓட்டறவர் எங்க மாளி மாமா. லாத்தூர் பக்கத்துக்காரர், வயசு அம்பத்தஞ்சு இருக்கும். மராத்தியிலயும் அம்மாவோட அண்ணன் தம்பி மாமாதான், மரியாதைக்கும் அதையேதான் சொல்லுவாங்க. அவர் எனக்கு மச்சான் முறைன்னு என் பொண்ணு ரொம்ப நாள் நம்பிக்கிட்டிருந்தா.

ரெண்டு வருஷம் நல்லாத்தான் ஓடிச்சு. மூணாவது வருஷம் அஞ்சு நிமிஷம் ஓடினா தானா நிக்க ஆரம்பிச்சுது. அப்ப வந்துக்கிட்டிருந்த எலக்ட்ரீஷியன் ஸ்டார்டரைத் திறந்து, "ரிலே வீக்காயிருச்சு சார்"னு சொல்லி உள்ள ஒரு குமிழைத் திருப்பினார். 11-ல இருந்தது 16-க்குப் போச்சு. மெஷின் ஓடிச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். மழைக்காலம் வந்ததும் அடுத்த வியாதி. பச்சை பட்டனை அமுக்கினா சில நாள் சத்தமே இல்ல. சில நாள் அமுக்கிப் பிடிச்சிருக்கற வரைக்கும் ஓடும், கையை எடுத்தா நின்னுடும். அவரே திரும்ப வந்தார். எதையோ வெட்டி, எதையோ முறுக்கி, வீட்டு லைட்டுக்குப் போடற மாதிரி ஒரு சுவிட்ச்சைப் பெட்டி ஓரத்துல வச்சு, "இனிமே பட்டனே வேணாம், இதைத் தட்டுங்க போதும்"னார். நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். 'ஸ்டார்டர் ரிப்பேர், ரூ. 850'ன்னு வவுச்சர் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அப்புறம் வந்தது ஒரு வியாழக்கிழமை. இங்க கரண்ட் பராமரிப்பு, தண்ணி நிறுத்தறது எல்லாத்துக்கும் வியாழன்தான் ராசி. நான் லீவு. மாமா தென்னை மட்டையை உள்ள விட்டுக்கிட்டிருந்தார். நடுவுல கரண்ட் போச்சு. "லைட் கேலி"ன்னு அவர் சொன்னது காதுல விழுந்தது. (கரண்ட் போச்சுன்னு மராத்தியில அப்படித்தான் சொல்லுவாங்க. வந்த புதுசுல யாரோ கேலி பண்றாங்கன்னு நினைச்சேன்.) ஏற்கெனவே மட்டை சிக்கியிருந்தது. கரண்ட் இல்லாத நேரத்துல எடுத்துடலாம், அதுதான் பத்திரம்னு மூடியைத் தூக்கிட்டு, ஒரு கையில கம்பு, இன்னொரு கையால நாரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தார்.

கரண்ட் வந்துச்சு.

மூடி திறந்திருக்க, யாரும் எதையும் தொடாம, மெஷின் தானா கிளம்பிச்சு. கம்பு அவர் கையை விட்டுப் பறந்து காம்பவுண்ட் சுவர்ல அடிச்சுது. நார் அறுந்ததால கை வெளியில வந்துடுச்சு, உள்ளங்கையில தோல் உரிஞ்சதோட சரி. ஓடிப் போய் சுவிட்சை அணைச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, மாமா தரையில உட்கார்ந்து தன்னோட அஞ்சு விரலையும் ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துக்கிட்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

மறுநாள் நண்பர் மூலமா கட்கியில இருந்து ஒரு அண்ணனைப் பிடிச்சேன். தாத்தா காலத்துலயே வேலூர்ப் பக்கத்துல இருந்து கட்கிக்கு வந்த குடும்பம், மில்லுல மோட்டார் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். பாதி தமிழ், பாதி மராத்தி. பெட்டியைத் திறந்தவர், மெயினை அணைச்சுட்டு ரொம்ப நேரம் பேசாம பாத்துக்கிட்டிருந்தார்.

"தம்பி, இது யார் வேலை?"

"தெரிஞ்ச ஒருத்தர்தாண்ணே. கையெழுத்து போட்டது நான்."

அவர் எனக்குப் புரிய வச்சதை, என்னை மாதிரி பி.காம் ஆளுங்களுக்காக சொல்றேன். ஸ்டார்டருக்குள்ள காண்டாக்டர்னு ஒண்ணு இருக்கு, காந்தம் இழுத்தா மூடிக்கிற பெரிய சுவிட்ச். பச்சை பட்டனைத் தட்டினா காந்தம் இழுக்கும். இழுத்ததும் பக்கத்துல இருக்கற சின்ன காண்டாக்ட் வழியா தன்னைத்தானே பிடிச்சுக்கும். கரண்ட் போனா பிடி விட்டுடும். கரண்ட் திரும்பி வந்தாலும் ஒருத்தர் மறுபடி பச்சையைத் தட்டினாத்தான் உயிர் வரும். எங்க மெஷின்ல அந்தச் சின்ன காண்டாக்ட் தூசி ஏறிக் கெட்டுப் போயிருந்தது. அதை மாத்தறதுக்கு பதிலா லைட் சுவிட்ச். லைட் சுவிட்ச் போட்டது போட்டபடி இருக்கும், கரண்ட் வந்தா மெஷினும் வரும்.

இன்னொண்ணு, மூடியில ஒரு லிமிட் சுவிட்ச். மூடியைத் தூக்கினா காந்தத்துக்குப் போற கரண்டை அது வெட்டிடணும். மழைத்தண்ணி இறங்கி அது மக்கர் பண்ணியிருக்கு. அந்த ரெண்டு வயரையும் ஒரு துண்டு வயரால முறுக்கி டேப் சுத்தி வச்சிருந்தாங்க. எங்க தொழில்ல டிரயல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளிட்டு வீட்டுக்குப் போவாங்க. அதேதான் இது. நான் ஆடிட்ல அடுத்தவங்க கிட்ட வருஷா வருஷம் பிடிக்கிற தப்பு.

சரி, முதல்ல ஏன் நின்னுது? அண்ணன் டாங் டெஸ்டரை ஒவ்வொரு வயரா மாட்டிப் பாத்தார். ஏழரைக்கு முழு லோடுல 11 ஆம்பியர் பக்கம்தான் வரணும். ரெண்டு வயர்ல 13, மூணாவதுல 5. மெயின் சுவிட்ச்சைத் திறந்தா ஒரு முனையில லக் லூசாகிக் கருகியிருக்கு. குளிர்ந்திருந்தா ஒழுங்கா இருக்கும், சூடானா ஒரு ஃபேஸ் வலுவிழக்கும், மத்த ரெண்டும் சேர்த்துச் சுமக்கும். "ரிலே வீக் இல்ல தம்பி, அது ஒண்ணுதான் உண்மையைச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. நீங்க அதோட வாயை அடைச்சுட்டீங்க." இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காயில் எரிஞ்சிருக்குமாம். ஒரு ஃபேஸ் முழுசா போயிருந்தா மோட்டார் கிளம்பாம ம்ம்ம்னு முனகும், அப்ப உடனே அணைக்கணும்னார்.

மட்டை உள்ள போகாம நிக்கிற பிரச்சனைக்கும் காதுதான் முக்கியமாம். மோட்டார் சத்தமே இறங்கினா, பிளேடு மழுங்கியிருக்கு, இல்ல அதிகமா திணிச்சிருக்கோம், இல்ல கரண்ட் கோளாறு. மோட்டார் சத்தம் அப்படியே இருந்து அரைக்கிற சத்தம் மட்டும் மங்கினா பெல்ட் வழுக்குது, ரப்பர் கருகற வாசனையும் வரும். எங்களுக்கு ரெண்டுமே இருந்தது! பெல்ட் பக்கவாட்டுல கண்ணாடி மாதிரி பளபளன்னு தேய்ஞ்சிருந்தது. பிளேடு ரெண்டு பக்கமும் கூர் உள்ள வகை, திருப்பிப் போட்டாலே புதுசு. மூணு வருஷமா யாரும் திருப்பல. எதிர்க்கத்திக்கும் பிளேடுக்கும் நடுவுல இடைவெளி கையேட்டுல போட்டதைவிட ரொம்ப அதிகம். அதனாலதான் மட்டை வெட்டுப்படாம நாரா கிழிஞ்சு ஷாஃப்ட்ல சுத்தியிருக்கு.

தென்னை மட்டைதான் பெரிய வில்லன். பனை, தென்னைன்னு வளர்ந்த நமக்கு அந்த நாரோட பலம் தெரியும், கயிறே திரிக்கிறோமே. மாமா இப்ப ஓலையைக் கழிச்சு, மட்டையை முழங்கை நீளத்துக்கு வெட்டி ரெண்டு மூணு நாள் காயப்போட்டு, அடிப்பக்கத்தை முதல்ல விடறார். ஈர இலையை மட்டும் விட்டா சல்லடையில களி மாதிரி அப்பிக்கும், அதனால நடுநடுவுல காய்ஞ்ச கிளை. இது அண்ணன் சொன்னது இல்ல, மாமாவே கண்டுபிடிச்சது. அவருக்கு முன்னாடியே தெரியுமாம். யாரும் கேக்கலை, அதனால சொல்லலைன்னார்.

லிமிட் சுவிட்ச், காண்டாக்ட், லக், பெல்ட், சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர், கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். குமிழ் திரும்ப 11-க்கு வந்தாச்சு. மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி மெயினை அணைச்சுப் பூட்டணும், உள்ள சுத்தறது முழுசா நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்னு மராத்தியில எழுதி ஒட்டினோம். பூட்டுக்கு ஒரே சாவி.

கமிட்டி மீட்டிங்ல நடந்ததை அப்படியே சொன்னேன், 850 ரூபாய் வவுச்சரையும் காட்டினேன். ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் ஒருத்தர் "அடிபடலையே, விடுங்க"ன்னார். இன்னொருத்தர், இப்ப மூடியைத் தொட்டாலே மெஷின் நின்னுடுது, வேலை லேட்டாகுது, அதை ஏதாவது பண்ண முடியுமான்னு கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு... சரி, வேணாம். முடியாதுன்னு மட்டும் மினிட்ஸ்ல எழுத வச்சேன்.

சாவி யார்கிட்ட இருக்கணும்னு அடுத்த விவாதம். செக்ரெட்டரி, ஆபீஸ்ல மாட்டலாம்னார். அது மாமாகிட்டதான் இருக்கணும்னு நான் பிடிவாதமா நின்னுட்டேன். உள்ள போறது அவர் கைதானே? இப்ப அதைக் கறுப்புக் கயித்துல கோத்து, துளசிமாலையோட கழுத்துல போட்டிருக்கார். போன வாரம் செக்ரெட்டரி அவசரமா ஒரு கிளையை அரைக்கணும்னு நின்னப்ப, மாமா சாவியோட சஹா குடிக்கப் போயிருந்தார். அரைமணி நேரம் கழிச்சு நிதானமா திரும்பி வந்தார்.