மூன்றாவது எஞ்சின்

கொள்ளேகாலில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரின் வீட்டுக் கொல்லையில், புளியமரத்தடித் தகரக் கொட்டகைக்குள், 1966-ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 2 ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. வாங்கியவர் அவருடைய தந்தை, பட்டு வணிகர். அவர் மறைந்தபின் வண்டியை எடுக்க ஆளில்லை. டயர்கள் காற்றிழந்து மண்ணில் அமிழ்ந்தன. முன்னிருக்கைப் பஞ்சில் எலிகள் குடியேறின. கோயம்புத்தூரில் வாழும் தம்பி ஒருநாள் தொலைபேசியில், "அண்ணா, அம்பது வருசம் தாண்டின வண்டிக்கு இப்ப விண்டேஜ்னு தனி நம்பர் குடுக்கறாங்க. அப்பா வண்டிய அப்படியே பழையபடி பண்ணிரலாம்" என்று சொன்ன பிறகே கொட்டகை திறக்கப்பட்டது.

திறந்து பார்த்த மெக்கானிக் முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை. திருப்புளியின் முனையால் கதவுக்குக் கீழுள்ள வாசற்பட்டியைக் குத்தினார். முனை உள்ளே போயிற்று. அம்பாசிடருக்கு லாரியைப்போலத் தனியான சட்டம் கிடையாது. உடலே எலும்புக்கூடு. ஆகவே தரைத்தகடும் வாசற்பட்டியும் துருப்பிடித்தால் அது தோல்நோயன்று, எலும்புருக்கி. வாசற்பட்டியை அறுத்தெடுக்குமுன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லையேல் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் சாத்தாது. பலர் செய்வது வேறு: ஓட்டையில் தகரத்தை வைத்து, பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். "பட்டி மேல பெயிண்ட் அடிச்சா ஆறு மாசம் பளபளன்னு இருக்கும் சார். ஏழாவது மாசம் துரு சிரிக்கும்" என்றார் அவர். டிங்கரிங் வேலை மட்டும் நான்கு மாதம் பிடித்தது.

அந்நாள்களில் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி வைத்திருந்தார்கள். இறுகிப்போன பிஸ்டன் இளகுமா என்று பார்க்கும் பழைய வழி அது. ஊற்றுவதற்கு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் போனபோதுதான் மெக்கானிக் நின்றார். கழற்றுவதற்கு ஸ்பார்க் பிளக்கே இல்லை. இன்ஜெக்டர்கள் இருந்தன. 1966-இல் பெட்ரோல் வண்டியாகப் பிறந்தது, டீசல் எஞ்சினோடு படுத்திருந்தது.

அண்ணனுக்கு இது மறந்தே போயிருந்தது. வெளியூர்க் கிளைகளில் வேலை பார்த்த காலம் அது. பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்தால் 1980-களின் எரிபொருள் மாற்றம் முத்திரையோடு பதிவாகியிருந்தது. தாய் மட்டும் வியப்படையவில்லை. காரை இன்றும் 'பிளசர்' என்றே சொல்லும் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். "உங்கப்பாதான் மாத்தினார். கோயம்புத்தூர் போய் வர்ற பெட்ரோல் காசுல ஒரு சேலை எடுக்கலாம்னு நான்தான் சொன்னேன். அப்புறம் அந்தச் சத்தத்துல பேசவே முடியல."

அவர் சொன்ன ஒற்றை வரிக்குள் ஒரு பொருளாதார வரலாறு அடங்கியிருக்கிறது. 1973, 1979 ஆகிய இரண்டு எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகு பெட்ரோல் வசதியுள்ளோருக்கும் சுமையானது. டீசலின் விலையை அரசு தாங்கிப் பிடித்தது. அந்தப் பிடி முற்றிலும் தளர்ந்தது 2014 அக்டோபரில்தான். 1980-ஐ ஒட்டி இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரிலேயே 1489 சிசி டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. பழைய பெட்ரோல் எஞ்சினும் அதே 1489 சிசி. இரண்டும் பிரிட்டனின் பி-சீரிஸ் குடும்பத்துப் பிள்ளைகள். எனவே ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்றுவது சிற்றூர்ப் பட்டறைக்கும் எட்டும் வேலையாக இருந்தது. ஆற்றல்தான் குறைந்தது: பெட்ரோலில் சுமார் 50 குதிரைத்திறன், டீசலில் 40-ஐ ஒட்டி. கொள்ளேகாலிலிருந்து சாமராஜநகர், ஆசனூர் வழியாகச் சத்தியமங்கலம் போய்த் திரும்புகிறவர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டைஊசி வளைவுகளில் அந்தக் குறைவை உணர்ந்தே ஆகவேண்டும்.

கோயம்புத்தூர் அக்குடும்பத்துக்கு வெறும் உறவினர் ஊரன்று. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிப்பில் மைசூர் மாவட்டத்துக்கு வந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிறந்தபோது அதற்குள் போயிற்று. எல்லை மாறியபின்னும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் திம்பத்துக்கு அப்பால்தான் நடந்தது. அந்தப் போக்குவரவின் வாகனம் இந்த அம்பாசிடர்.

ஆனால் டீசல் எஞ்சின் வெளிப்பட்டதும் தம்பியின் திட்டம் சரிந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் மூலவடிவில் இருக்கும் வண்டியே விண்டேஜ். அதற்கு 'விஏ' எழுத்துகள் கொண்ட எண்; புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயணத்துக்கு அதை எடுக்க முடியாது; கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. சுருங்கச் சொன்னால், அதிகம் பயன்படாமல் போற்றப்பட்ட வண்டிக்கே அந்தத் தகுதி எளிதில் வாய்க்கும். கொட்டகைகளில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை அப்படி வாழ்ந்தவை அல்ல. ஹவானாவில் 1950-களின் செவ்ரலே கார்கள் இன்றும் ஓடுவதற்குக் காரணம், அமெரிக்க உதிரிபாகம் நின்றுபோனபின் அவற்றின் வயிற்றில் சோவியத் எஞ்சின்களையும் கிடைத்த டீசல் எஞ்சின்களையும் வைத்ததுதான். நம் ஊர்களின் கதையும் ஏறத்தாழ அதுவே.

சுவடிகளோடு பழகியவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. ஓலை சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்காது. படியெடுத்தவர்கள் இருந்ததால்தான் நூல் பிழைத்தது. படியெடுத்தவர்களாலேயே பாடமும் மாறியது. மூலபாடத்தைத் தேடும் பதிப்பாசிரியர், அதை மாற்றிய கைகளுக்கே கடன்பட்டிருக்கிறார்.

தம்பி விடவில்லை. டீசலை இறக்கிவிட்டு, அந்தக் காலத்துப் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைத் தேடிப்பிடித்து ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். அண்ணன் ஒப்பவில்லை. "புத்தகத்துல அப்பா கையெழுத்து போட்டு மாத்தியிருக்கார்டா. அத இல்லேன்னு நான் எப்படிச் சொல்றது?" சில வாரங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

டீசல் எஞ்சினையே புதுப்பிப்பது என்று அண்ணன் முடிவு செய்தார். லேத் பட்டறையில் அதுவும் முடிந்தது. தண்ணீர் வற்றிய நிலையில் எப்போதோ ஓடிச் சூடேறியதால் பிளாக்கில் மயிரிழை வெடிப்பு இருந்தது. மெக்கானிக் காட்டிய வழி இசுசு எஞ்சின்: 1990-களின் தொடக்கத்திலிருந்து அம்பாசிடரிலேயே வந்த 1817 சிசி பெட்ரோல், சுமார் 75 குதிரைத்திறன், ஐந்து கியர். திம்பத்தில் பறக்கும். ஆனால் அந்தக் கியர்பெட்டிக்குக் கியர்த்தண்டு தரையிலிருந்து எழும். ஸ்டியரிங் ஓரத்துக் கைக் கியர் போய்விடும். அதோடு மூன்று பேர் ஒட்டி அமரும் முன் பெஞ்சும் போய்விடும். தாய் எப்போதும் அமர்ந்தது அங்கேதான். சட்டமும் குறுக்கே நின்றது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது; உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை இன்னும் இறுக்கமாக உறுதி செய்தது.

எஞ்சியது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் மட்டுமே. தம்பி கேட்டதும் அதுதான். ஆனால் அண்ணன் அதை ஒளிவின்றிச் செய்தார். உடைக்கப்பட்ட வேறொரு அம்பாசிடரிலிருந்து எஞ்சினை ரசீதோடு வாங்கி, அதன் எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பித்தார். பிறந்தபோது இருந்த வகை எஞ்சினை மீண்டும் வைப்பதும் ஏட்டின்படி ஒரு 'மாற்றம்'தான். ஆய்வாளர் அடிச்சட்ட எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்தார். எஞ்சின் எண்ணுக்கும் அவ்வாறே. சுவடித்துறை மாணவர் எவரும் பார்த்திருக்க வேண்டிய காட்சி. பதிவுப் புத்தகத்தில் தந்தையின் டீசல் முத்திரைக்குக் கீழே இப்போது மூன்றாவது எஞ்சினின் எண் இருக்கிறது. விண்டேஜ் எண் இல்லை.

முதல் நெடும்பயணம் பண்ணாரி அம்மன் கோயிலுக்கு. சத்தியமங்கலம் வரை பேருந்தில் வந்து தம்பி ஏறிக்கொண்டார். முன் பெஞ்சில் நடுவில் தாய். இறங்கும்போது திம்பத்தில் இரண்டாவது கியருக்கு மேல் மாற்றவில்லை. டிரம் பிரேக்கை நம்பி வேகம் எடுக்க முடியாது. திரும்பி ஏறும்போது வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. இருந்தும் ஒரு வளைவில் தாய், "நிறுத்துடா, இங்கதான் உங்கப்பா தண்ணி ஊத்துவார்" என்றார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. அண்ணன் ஓரங்கட்டினார்; தம்பி இறங்கிப் பின்னால் வந்த லாரிக்கு வழிகாட்டிக் கையசைத்தார். பெட்ரோல் எஞ்சின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால், தாய் சொன்னதெல்லாம் அன்று தெளிவாகக் கேட்டது.