வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி

நண்பர்களே, வழக்கமாகப் பள்ளிக்கூடக் கதை எழுதுகிறவன், இன்று கம்ப்யூட்டர் கதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது.

மகளும் பேரனும் எங்களோடுதான் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு தோஹாவில் வேலை. வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் விடுமுறை. அன்று இரவு நம்ம நேரம் ஒன்பது மணிக்கு, அங்கே ஆறரைக்கு, அப்பாவும் பிள்ளையும் மைன்கிராஃப்ட் விளையாடுவார்கள். கட்டைகளை அடுக்கி வீடு வாசல் கட்டுகிற விளையாட்டு. ஒவ்வொரு கட்டையும் ஒரு மீட்டர் கனசதுரம்.

அவர்கள் கட்டும் உலகம் பேரனுடைய கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. மாப்பிள்ளை இணையம் வழியாக அதற்குள் வருவார். அதனால் இங்கே கம்ப்யூட்டர் திணறினால் அங்கே அவருக்கும் திணறும். நாலடி நடந்தால் இரண்டடி பின்னால் இழுத்து விட்டுவிடும். "தாத்தா, ரேம் பத்தல"ன்னு பையன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "பத்தாட்டி விடு, புஸ்தகத்த எடு" என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த மெஷின் திணறியது எனக்கு வசதியாகவே இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன், படிப்பான் அல்லவா?

2023 தீபாவளிக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை. திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே மாப்பிள்ளை குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "சரி தம்பி, இன்னிக்கு வேணாம். நீ தூங்கு. அடுத்த வாரம் பாப்போம்." மணி பார்த்தேன். ஒன்பது பன்னிரண்டு. எட்டிப் பார்த்தால் பையன் அசையாமல் நின்றுபோன திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். திரையில் ஒரு வீடு. முன்னால் வேப்பமரம், பக்கத்தில் பாதி கட்டிய கிணறு.

எங்கள் வீடு.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிற மனுஷன், வாரா வாரம் அந்த வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறார். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒரு கடையில் விசாரித்தேன். "பழைய மாடல் சார், புதுசா எடுத்துடுங்க, 60,000 ஆகும்" என்றார்கள். பென்ஷன்காரனுக்கு அது பெரிய தொகை. ஆனால் நான் 32 வருஷம் கணக்கு வாத்தியார். விடை தப்பு என்பதற்காக மொத்தக் கணக்கையும் அடித்துவிட மாட்டோம். எந்த வரியில் தப்பு என்று பார்ப்போம். அதையே இங்கேயும் செய்யலாம் என்று பையனோடு உட்கார்ந்தேன்.

விளையாட்டை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தோம். ரைசன் 3 3200ஜி பிராசஸர். 8 ஜிபி ரேம், ஒரே குச்சி. இந்த பிராசஸருக்குள்ளேயே கிராஃபிக்ஸும் இருக்கிறது. அதற்கென்று தனி நினைவகம் கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். 2 ஜிபி அதற்குப் போக மிச்சம் 6. விண்டோஸ், பிரவுசர், வாய்ஸ் கால், விளையாட்டு எல்லாம் அந்த ஆறுக்குள். ரேம் 95 சதவீதம் நிரம்பியிருந்தது, ஹார்ட் டிஸ்க் 100.

விடைத்தாள் திருத்துகிற மேஜை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மேஜை நிறைந்துவிட்டால், ஒரு கட்டை பீரோவில் வைத்துவிட்டு இன்னொரு கட்டை எடுத்து வர வேண்டும். திருத்துவதைவிட நடப்பதுதான் அதிகமாக இருக்கும். ரேம் மேஜை, ஹார்ட் டிஸ்க் பீரோ.

அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி குச்சி வாங்கினோம். 1,700 ரூபாய். எந்தத் துளை என்பதை மதர்போர்டு கையேட்டைப் பார்த்துத்தான் போட வேண்டும். எங்களுடையதில் இரண்டாவதும் நான்காவதும். சரியாகப் போட்டால் இரண்டு குச்சிகளும் இரண்டு தனிப் பாதையாக வேலை செய்யும். ரேமையே நம்பியிருக்கிற கிராஃபிக்ஸுக்கு அது பெரிய ஆறுதல். விளையாட்டின் அமைப்பிலும் 2 ஜிபி என்றிருந்த ஒதுக்கீட்டை 4 ஆக்கினோம்.

பாதிக்குமேல் சரியாகிவிட்டது. ஆனாலும் புது நிலப்பகுதிக்குள் நுழையும்போது திக்கியது. பையன் திரை மூலையில் ஓடும் எண்ணைக் காட்டி, "சராசரி நல்லாத்தான் இருக்கு தாத்தா, நொடிக்கு 60 படம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வருஷம் வகுப்புச் சராசரியைக் காட்டித் தலைமையாசிரியரிடம் தப்பித்திருக்கிறேன்! 60 படம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிநொடி. நடுவில் ஒரே ஒரு படம் 200 மில்லிநொடி எடுத்தாலும் சராசரி பெரிதாகக் குறையாது. கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மறுபடி டாஸ்க் மேனேஜர். இப்போது ரேம் 60, பிராசஸர் 100. அடுத்த தப்பு எந்த வரியில் என்று தெரிந்துவிட்டது.

அதே மதர்போர்டில் ரைசன் 5 5600ஜி பொருந்தும். நாலு கோருக்குப் பதில் ஆறு. 'ஜி' என்ற எழுத்தை மறந்துவிடாதீர்கள். வெறும் 5600 வாங்கினால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாத வீட்டில் திரையில் ஒன்றுமே வராது. 11,000 ரூபாய் சொச்சம் ஆனது. மகள் முறைத்தாள்.

மாட்டுவதற்கு முன் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே கெட்டுப்போகலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்துவிட்டு, அது முடிந்த மறுநாள் யுபிஎஸ்ஸில் மாட்டிச் செய்தோம்.

பழைய பிராசஸரை எடுப்பதுதான் பயம். அடியில் 1,331 ஊசிக்கால்கள். காய்ந்த பேஸ்டில் ஒட்டிக்கொண்டு கூலரோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்தால் கால்கள் வளைந்துவிடும். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகித் தூக்க வேண்டும். என் கை நடுங்கியது. "நீங்க டார்ச் புடிங்க தாத்தா" என்றான். பிடித்தேன். அன்றைக்கு அவன்தான் வாத்தியார்.

அந்த வெள்ளிக்கிழமை திண்ணைக்குப் போகாமல் அவன் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஒன்பது பன்னிரண்டு தாண்டியது. பத்தானது. "மாமா, இப்ப திக்கல மாமா!" என்றார் மாப்பிள்ளை. "கிணறு சின்னதா இருக்கு மாப்ள" என்றேன். அளவு கேட்டார்.

உங்கள் வீட்டிலும் மெஷின் திணறினால், கடைக்குப் போவதற்கு முன் எங்கே திணறுகிறது என்று பாருங்கள். பிள்ளை அதில் யாரோடு விளையாடுகிறான் என்றும் ஒருமுறை பாருங்கள். நான் ஒரு மாதம் தாமதமாகப் பார்த்தேன்.

காலையில் டேப்போடு கிணற்றடிக்குப் போனேன். குறுக்களவு மூன்றரை மீட்டர். "செங்குத்தா வைக்க அரைக்கட்டை கெடையாது தாத்தா, நாலாவே வெச்சுக்குவோம்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.