சைரன் கேட்டால் மேலே ஏறுங்கள்

எங்கள் அப்பா மின்சாரத்தை மின்சாரம் என்று சொல்ல மாட்டார். "லக்சபானா வந்திட்டுது", "லக்சபானா நிண்டிட்டுது" என்றுதான் சொல்லுவார். சுருவிலில் பிறந்து, பனையையும் பரவைக் கடலையும் தவிர வேறொன்றும் பார்க்காத எனக்கு, லக்சபானா என்றால் கொழும்புப் பக்கத்தில் இருக்கிற யாரோ ஒரு பெரிய மனிதர் என்ற நினைப்பு. அது மலையில் இருக்கும் ஓர் அருவியின் பெயர் என்றும், அந்தத் தண்ணீர் சுழலியைச் சுற்றித்தான் வெளிச்சம் வருகிறது என்றும் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து அப்பாவிடம் கேட்டேன். "ஓம் பிள்ளை, தண்ணியிலதான் விளக்குக் கொளுத்துறாங்கள்" என்றார்.

பிறகு 1990இல் அந்த வெளிச்சம் நின்றது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோ சுற்றி வானொலிச் செய்தி கேட்டதும் இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீவை விட்டு வெளிக்கிட்டு, 1995இல் வலிகாமத்தை விட்டும் வெளிக்கிட்டு, ஊர் திரும்பியபோது எங்கள் வளவில் கிணறும் நாலு சுவரும் மட்டும்தான் இருந்தன. போர் முடிந்து, 2013 அளவில் கிளிநொச்சியில் இருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்தக் கம்பி இழுத்த பிறகுதான் குடாநாடு மறுபடி நாட்டின் மின்தொடரோடு சேர்ந்தது. அப்பா அதைப் பார்க்க இல்லை.

அந்தத் தண்ணீரை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. 2018 ஆவணி விடுமுறையில் எங்கள் மாதர் சங்கத்தில் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் மலைநாட்டுக்கு ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்தோம். 32 பேர். அரைவாசிக்கு மேல் குடும்பத்தைத் தனியே சுமக்கிற பெண்கள். "புருசன் இல்லாததுகள் ஊர் சுத்தப் போகுதுகள்" என்று ஒழுங்கையில் கதைத்தவர்களும் இருந்தார்கள், அது இருக்கட்டும். நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட பயணமெல்லாம் அதுவரை ஓட்டமாகத்தான் இருந்தது. திரும்பி வரும் நாள் தெரிந்து புறப்பட்ட முதற் பயணம் அது.

கண்டி, கம்பளை கடந்து புசல்லாவைக்குக் கிட்ட பஸ்ஸை நிறுத்தினார்கள். கீழே கொத்மலை நீர்த்தேக்கம். கற்களையும் பாறைகளையும் நிரப்பிக் கட்டிய அணை. உயரம் 87 மீற்றர். வளர்ந்த பனை மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு, அவ்வளவு. மகாவலித் திட்டத்தில் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டி 1985இல் முடித்தார்கள். எங்களோடு வந்த ஒரு மூத்த அக்கா வாயில் கை வைத்தபடி நின்றார். "இவ்வளவும் குடிக்கிற தண்ணியோ?" என்று கேட்டார். பவுசர் வரும் நாளுக்கு வாளி அடுக்கி வைக்கிற எங்களுக்கு அதுதான் முதற் கேள்வி. அந்தத் தண்ணீருக்கு அடியில் வயல்களும் வீடுகளும் விகாரைகளும் கிடக்கின்றன என்று சாரதி சொன்னார். எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

அடுத்த நாள் தலவாக்கலை. அங்கே 2012இல் மேல் கொத்மலை மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 150 மெகாவாட். அணை பெரிதல்ல; பின்னால் தேங்கும் தண்ணீரும் குளம் போலத்தான். ஆனால் மேலே மழை பெய்தால் அந்தச் சிறிய தேக்கம் கெதியாக நிறைந்துவிடும். வான்கதவைத் திறக்கத்தான் வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அணைக்குக் கீழே கொத்மலை ஓயா ஓரத்தில் ஒரு வடிவான இடம். கல்லுகளுக்கு இடையில் முழங்கால் அளவு தண்ணீர். வெயிலும் இருந்தது. பாதிப் பேர் இறங்கி முகம் கழுவ, சின்னப் பிள்ளைகள் நடு ஆற்றுக் கல்லில் ஏறி இருந்துவிட்டார்கள்.

அப்போதுதான் சைரன் ஊதியது.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். எங்களில் ஏழெட்டுப் பேர் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்கள். ஒரு தங்கச்சி, வன்னியில் கடைசி மட்டும் நின்று வந்தவள், மகளை இழுத்து அணைத்தபடி இரண்டு பெரிய கல்லுகளுக்கு இடையில் முகங்குப்புறப் படுத்துவிட்டாள். சத்தம் கேட்டால் பதுங்கு, பள்ளத்தில் இறங்கு, தலையைத் தூக்காதே: இருபது முப்பது வருசம் எங்கள் உடம்பு படித்த பாடம் அது. அந்தப் பாடம்தான் எங்களில் பலரை இன்றைக்கு உயிரோடு வைத்திருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் பள்ளம் என்பது ஆறு.

மேலே தேயிலைக்குள் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற பெண்கள் கத்தினார்கள். "மேல ஏறுங்க! ஆத்தை விட்டுட்டு மேல ஏறுங்கம்மா!" ஒருவர் கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்து, படுத்துக் கிடந்தவளைத் தோளில் பிடித்துத் தூக்கினார். எல்லோரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஏறிவிட்டோம். செருப்புகளும் ஒரு சாப்பாட்டுப் பையும் கீழே கிடந்தன. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நிறம் மாறி, கலங்கி, நுரைத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் இருந்த கல் எங்கே என்று தேடினோம். தெரியவில்லை.

அந்தத் தங்கச்சிக்கு நடுக்கம் நிற்க நேரம் எடுத்தது. "பிளேன் எண்டு நினைச்சிட்டன் அக்கா" என்றாள். கொழுந்து எடுக்கும் அம்மா அவளுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "எங்களுக்கும் சின்னப் புள்ளைங்களுக்கு மொதல்ல சொல்லிக் குடுக்குறது இதுதான். சத்தம் கேட்டா வீட்டுக்குக்கூட ஓடாதே, மேட்டுக்கு ஓடுன்னு" என்றார்.

இதை எழுதுவதே அதற்காகத்தான். வன்னிச் சகோதரிகளுக்கு இரணைமடு வான் பாய்வது தெரியும். அதைப் பார்க்கக் குடும்பமாகப் போவோம். ஆனால் எங்கள் பக்கத்துக் குளங்களுக்குக் கீழே நிலம் பரந்தது, தண்ணீர் பரவித்தான் போகும். மலையில் ஆறு ஒடுங்கிய பள்ளத்தில் ஓடுகிறது. கதவைத் திறந்தால் தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை, உயரும். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எறிக்கும், மழை பெய்தது மேலே எங்கேயோ இருக்கும். கதவு திறக்காத நாளிலும் மின்நிலையத்துக்குக் கீழே தண்ணீர் கூடும். மாலை ஆறரைக்குப் பிறகு நாடு முழுவதும் விளக்குப் போடும் நேரத்தில் சுழலிகளைக் கூடுதலாக ஓட்டுவார்கள். சுருவிலில் நான் சுவிச்சைத் தட்டுகிற அதே நேரத்தில் அங்கே ஓர் ஆறு பெருக்கலாம் என்பது எனக்கு இப்போதும் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

தேங்கிய தண்ணீரும் நல்லதல்ல. எங்கள் கடலில் எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். நீர்த்தேக்கத்தில் கரையை விட்டு இரண்டு எட்டு வைத்தால் நிலம் சரிந்து போய்விடும். தண்ணீர் வற்றிய கரையில் மேலே காய்ந்து தெரியும் மண், உள்ளே சேறு. அடியில் பழைய மரக்குற்றிகளும் சுவர்களும் இருக்கும். குளிர், கை காலை விறைக்கப் பண்ணும். உப்புத் தண்ணீர் ஆளைத் தாங்குகிற அளவுக்கு நன்னீர் தாங்காது. நுவரெலியா கிரகரி வாவியில் படகு ஏறும்போது, மீன்பிடிக் குடும்பத்துப் பெண்கள் சிலர் உயிர்காப்பு அங்கியைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகு ஏறும்போதும் இதே முகச்சுளிப்புத்தான். நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பிடிவாதம் கூட.

அணைகள் உடையாதா என்று கேட்டவர்களும் உண்டு. 1986 சித்திரை 20ஆம் திகதி விடியப்புறம் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது மண் கட்டு, பழைய குளம். பெரிய அணைகளை அளந்து பார்த்துக் காவல் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட நாட்களில், வான்கதவு திறக்கிறார்கள் என்ற செய்தியை வானொலியில் கேட்கும்போதெல்லாம் அந்தக் கொழுந்து எடுக்கும் அம்மாவைத்தான் நினைத்தேன். அங்கே சரிந்தது மலை. ஆற்றுக்குப் பயந்து மேலே ஏறினால் மண்சரிவு, மண்ணுக்குப் பயந்து கீழே இறங்கினால் ஆறு. எந்த மேடு பாதுகாப்பான மேடு என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகு எனக்கு விளங்கியது.

எங்கள் பயணத்தின் கடைசி நாள் அற்றன் வழியாக மஸ்கெலியாவுக்குப் போனோம். காசல்றீ, மவுசாக்கலை, நோட்டன், லக்சபானா என்று பெயர்ப்பலகைகள் வர வர எனக்கு அப்பாவின் குரல் கேட்டது. இந்தப் பக்கத்து நீர்வீழ்ச்சிகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே எழுதிக் காட்டியிருக்கிறார். லக்சபானா இயங்கத் தொடங்கியது 1950இல். மவுசாக்கலை அணை 1969இல் முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போய்விட்டது. இப்போது இருப்பது மேட்டில் கட்டிய புது நகரம்.

தேத்தண்ணிக் கடையில் இருந்த அம்மா, பழைய ஊரில் பிறந்தவர். வரட்சியில் தண்ணீர் இறங்கினால் கோயில் தெரியும், பள்ளிவாசலும் புத்தர் சிலையும்கூடத் தெரியும் என்றார். நாங்கள் போன நேரம் தேக்கம் நிறைந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

"தெரியிற காலத்தில போவீங்களோ?" என்று எங்கள் மூத்த அக்கா கேட்டார்.

"போவோங்க. கற்பூரம் கொளுத்திட்டு வருவோம். எங்க வீடு எதுன்னு பேரப் புள்ளைங்களுக்குக் காட்டுவேன். நீங்க எந்த ஊருங்க?"

"சுருவில்."

"ஊரு இருக்குங்களா?"

"இருக்கு" என்றார் அக்கா. "கூரை இல்லாத வீடுகள் கனக்க இருக்கு. கிணறு இருக்கு. தண்ணி கொஞ்சம் சவர்."

அந்த அம்மா தேத்தண்ணிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். நாங்கள் கொண்டு போன பனாட்டில் ஒரு பொட்டலம் கொடுத்தோம். இதை எப்படித் தின்பது என்று கேட்டு, பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, மிச்சத்தைப் பேரப் பிள்ளைகளுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார்.