ரெண்டு டோன்ஆர்ம், ஒரு வயலின்

நேத்து சாயங்காலம் அம்பத்தூர்ல ஒரு நண்பர் வீடு.
ஒரே டர்ன்டேபிள், ஒரே கார்ட்ரிட்ஜ். ஊசியைத் தாங்குற கையை, அதாவது டோன்ஆர்மை மட்டும் மாத்தி மாத்திக் கேட்டோம்.

ஒண்ணு ரெகா ஆர்பி300. 1983ல வந்தது. குழாயும் தலையும் ஒரே அலுமினிய வார்ப்பு, நேரா நிக்கும்.

இன்னொண்ணு எஸ்எம்இ 3009. வளைஞ்ச குழாய், கத்திமுனை பேரிங். விரல் பட்டாலே மிதக்குது.

போட்டது இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பம், 1986.

ரெகாவுல, வயலின் வாசிச்ச வி.எஸ். நரசிம்மனோட வில் தந்தியைத் தொடுற அந்த முதல் உரசல் அப்படியே கேக்குது.
எஸ்எம்இல வயலினைச் சுத்தி ஒரு இடம் திறக்குது.
எனக்கு எஸ்எம்இதான். உடம்பு சிலிர்த்துடுச்சு.

தட்டோட உள்பக்கம் போனா ரெண்டுமே லேசா திணறுது. அதுக்கு ஒரு காரணம், தட்டை வெட்டுற ஊசி நேர்க்கோட்டுல போகும், நம்ம ஆர்ம் வளைவா போகும். 12 அங்குல ஆர்முக்கு இவ்ளோ மவுசு இருக்கறது அதனாலதான், அதுல கோணப் பிசகு குறைவு.

எஸ்எம்இ 1946ல இங்கிலாந்துல ஸ்கேல் மாடல்களுக்குப் பாகம் கடைஞ்ச சின்னப் பட்டறை. முதலாளி தனக்காக ஒரு ஆர்ம் செஞ்சுக்கிட்டார். 1959ல அது விற்பனைக்கு வந்துச்சு.

நம்ம அம்பத்தூர் தொழிற்பேட்டைல மைக்ரான் கணக்குல கடையற கைங்க எத்தனை இருக்கு!
அம்பத்தூர் லேத்துலேர்ந்து ஒரு டோன்ஆர்ம் வந்தா எப்படி இருக்கும்?
யாராச்சும் இறங்குறீங்களா?