நிறம் போட்டவர் யார்?

நண்பர் ஒருவர் தினமும் காலையில் வாட்ஸாப்பில் ஒரு ஃபிராக்டல் படம் அனுப்புவார். எங்கிருந்தோ வந்ததைத் தள்ளிவிடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். "சேலத்துல ஒருத்தர் போடுறார். நாள் தவறாம போடுறார். போய்ப் பாருங்க" என்று முகவரி கொடுத்தார்.

மாடியறையில் பட்டப்பகலில் கனத்த திரைச்சீலை. "வெளிச்சம் மாறினா நிறம் பொய் சொல்லும், தம்பி" என்றபடி வரவேற்றார் பெரியவர்.

படத்துக்கு அடியில் இருப்பது சின்னக் கணக்கு. ஓர் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். பூஜ்ஜியத்தில் தொடங்கி, கையிலிருப்பதை வர்க்கமாக்கி அந்த எண்ணைக் கூட்ட வேண்டும்; வந்த விடையை மறுபடி வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். 1 என்றால் 1, 2, 5, 26 என்று எகிறிவிடும். −1 என்றால் −1, 0, −1, 0 என்று அங்கேயே சுற்றும். திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலப்பெண். விடையின் அளவு 2-ஐத் தாண்டினால் அந்தப் புள்ளி தப்பிவிட்டது. தப்பாதவற்றுக்குக் கறுப்பு, தப்பியவற்றுக்கு, எத்தனையாவது சுற்றில் தப்பின என்பதைப் பொறுத்து ஒரு நிறம். 1920-க்கு 1080 திரையில் 20,73,600 புள்ளிகளுக்கும் இதே வேலை.

ஐபிஎம்மில் இருந்த மாண்டல்பிராட் 1980-இல் கணினியில் துருவிப் பார்த்த வடிவம் இது. 1985 ஆகஸ்டில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் அட்டைக்கு வந்தது. வீட்டுக் கணினிக்காரர்களுக்குப் பித்துப் பிடித்தது அதன் பிறகுதான். படத்தைப் பெரிதாக்கி ஆழமாகப் போகப்போகக் கணினியின் பதினாறு இலக்கத் துல்லியம் போதாமல் படம் கட்டங்கட்டமாக உடைவதையும், 2013-இல் அதற்குப் பிறந்த குறுக்குவழியையும் பெரியவர் விளக்கினார். ஒரு புள்ளியை மட்டும் மிகத் துல்லியமாகக் கணக்கிட்டு, மற்றவற்றை அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தே முடிக்கிறார்களாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் கண் அவருடைய நிறப்பட்டையில் இருந்தது.

மென்பொருள் தரும் ஆயத்த நிறங்களை அவர் தொடுவதில்லை. முதலில் படத்தை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பார்க்கிறார். "கறுப்பு வெள்ளையில நிக்காத படம் கலர்ல நிக்காது." பிறகு பட்டையில் ஒவ்வொரு முடிச்சாக வைத்து நகர்த்துகிறார். ஆழத்தில் சுற்று எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறி நிறங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இரைச்சலாகும். பட்டையை இழுத்து நீட்டி அவற்றுக்கு இடம்விடுகிறார். வடிவத்தில் கடற்குதிரைப் பள்ளத்தாக்கு என்று அழைக்கப்படும் பகுதியின் ஒரு சுருளில் மஞ்சளைக் கொஞ்சம் குறைத்தார். சுருள் பின்னால் போய் நின்றது.

பெரியவரின் இந்தக் கண் கலர் லேபில் பழகியது. டிஜிட்டல் வருவதற்கு முன், கும்மிருட்டில் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரின்ட் போட்டவர். படம் மஞ்சளடித்தால் மஞ்சள் ஃபில்டரைக் கூட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் குறைத்துக் கெடுப்பார்களாம். கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் முகம் சிவந்துவிட்டால் கவுன்டரில் சண்டை. லேப் மூடியதும் கரிஷ்மா என்ற டிஜிட்டல் கல்யாண ஆல்பம் வடிவமைத்தார். அதுவும் இளையவர்கள் கைக்குப் போனது. அத்தனை வருடம் மற்றவர்கள் முகத்துக்கு நிறம் சரிபார்த்தவர், இப்போது யார் முகமும் இல்லாத படத்துக்குப் பார்க்கிறார்.

இவர் படங்களை மொபைல் கவரிலும் படுக்கை விரிப்பிலும் அச்சடித்து ஒருவர் விற்கிறார். கேட்டதற்கு வந்த பதில்: "கணக்குதானே சார், யார் வேணா போடலாம்."

எனக்குக் கொதித்தது. வடிவம் பொது என்பது உண்மை. ஒரே ஆயத்தொலைவைத் தட்டினால் சேலத்திலும் சிட்னியிலும் ஒரே சுருள்தான் வரும். ஆனால் அந்தச் சுருளைக் கண்ணுக்குக் கொண்டுவந்த மஞ்சளும் நீலமும் கணக்கிலிருந்து வந்தவை அல்ல. விற்பவருக்கும் அது தெரியும். தெரியாதென்றால் தானே ஒரு சுருளைக் கணக்குப்போட்டு எடுத்திருப்பாரே, இவருடையதை ஏன் எடுத்தார்? பாவும் ஊடும் பொது, மண்ணும் சக்கரமும் பொது என்று சொல்லித்தான் நெசவாளிக்கும் குயவருக்கும் கூலியைக் குறைத்தார்கள். பொருள் பொதுவாக இருக்கும் இடத்தில்தான் இடைத்தரகர் முதலில் கடை விரிக்கிறார்.

பெரியவருக்கு அவ்வளவு கோபம் இல்லை. படத்தோடு ஆயத்தொலைவையும் நிறப்பட்டையையும் சேர்த்தே அனுப்புகிறார்; கற்றுக்கொள்பவர்களுக்கு உதவுமாம். விற்பவரிடம் அவர் கேட்டது படத்தின் கீழே தன் பெயரை மட்டும். நான் கூலியையும் கேட்கச் சொன்னேன். "பொழுதுபோக்குக்கு யாரு தம்பி கூலி கேப்பாங்க?" என்றார். அந்த விற்பனைக்காரரும் இதையேதான் நம்பியிருக்கிறார். ஒருவரின் பொழுதுபோக்கு இன்னொருவரின் சரக்காகிவிட்ட பிறகு அதற்குப் பெயர் வேலை. வேலைக்கு விலை கேட்பதில் கூச்சம் எதற்கு?