படகு ஊரோட நிக்கும், துடுப்பு கூட வரும்

போபால்ல வேலைன்னு சொன்னா சொந்தக்காரங்க முதல்ல கேக்கறது 1984 பத்தி. அடுத்து, "அங்க பொழுது எப்படிப் போகுது?" ரெண்டாவது கேள்விக்குத்தான் என்கிட்ட நீளமான பதில் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல ஏரில துடுப்பு போடறேன், என் பொண்ணோட.

இங்க பெரிய ஏரின்னு ஒண்ணு இருக்கு. பதினொண்ணாம் நூற்றாண்டுல போஜ ராஜா கட்டினதுன்னு சொல்றாங்க. 2002-ல ராம்சர் பட்டியல்ல சேந்துச்சு. ஊர்ல நிறையப் பேர் குடிக்கிற தண்ணி இதுதான். அதனால குப்பை போடாம, எண்ணெய் சிந்தாம, சத்தமில்லாம போற வண்டிதான் இந்தத் தண்ணிக்குப் பொருத்தம். கனூ அப்படிப்பட்டது.

கனூவையும் கயாக்கையும் பல பேர் குழப்பிக்கறாங்க. கயாக்ல காலை நீட்டி உக்காந்து, ரெண்டு பக்கமும் தட்டை உள்ள துடுப்பை மாத்தி மாத்திப் போடுவாங்க. கனூவில முட்டி போட்டோ, சின்னப் பலகைல உக்காந்தோ, ஒரே ஒரு தட்டை உள்ள துடுப்பு. போபால்ல பயிற்சி எடுத்த பிராச்சி யாதவ், ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டுல (நடந்தது 2023 அக்டோபர்) கயாக்ல தங்கம், ஒத்தைத் துடுப்புப் படகுல வெள்ளின்னு ரெண்டுலயும் வாங்கினாங்க. நாங்கல்லாம் அந்த லெவல் இல்லீங்க. வாரம் முழுக்க லோன் ஃபைல் பாத்துட்டு ஞாயித்துக்கிழமை தோளை அசைக்கிற கூட்டம்.

புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணே ஒண்ணு: "எந்தப் படகு வாங்கலாம்?"

கேள்வி தப்பில்ல. பதிலும் ரொம்பச் சிக்கலில்ல. நீளமான படகு நேராப் போகும், குட்டையான படகு சட்டுனு திரும்பும். ஏரிக்கு, ரெண்டு பேருக்கு, பதினஞ்சு பதினாறு அடி நல்லது. அடிப்பாகம் தட்டையா இருந்தா ஏறி உக்காரும்போது ஆடாது, ஆனா அலை பக்கவாட்டுல வந்தா பயம் காட்டும். லேசா வளைஞ்ச அடி முதல்ல ஆடும், அப்புறம் நம்பலாம். பிளாஸ்டிக் படகு அடி தாங்கும், கனமும் அதிகம். ஃபைபர் லேசு, ஓட்டை விழுந்தா நாமளே ஒட்டிக்கலாம். அவ்வளவுதான்.

ஆனா என் பதில் வேற. படகை இரவல் வாங்குங்க, வாடகைக்கு எடுங்க, நாங்க பண்ணின மாதிரி நாலு பேர் சேந்து பழசு ஒண்ணு வாங்குங்க. துடுப்பை மட்டும் உங்களுக்குன்னு செஞ்சுக்கோங்க.

ஏன்னு கணக்குப் போட்டுக் காட்டறேன் (பி.காம். படிச்ச பழக்கம்). சாதாரணமாப் போனாலே நிமிஷத்துக்கு நாப்பது தடவை துடுப்பு போடுவோம். மணிக்கு 2,400. துடுப்பு 300 கிராம் கூடுதலா இருந்தா, ஒரு மணி நேரத்துல வெட்டியாத் தூக்கற எடை 720 கிலோ! படகு பத்து கிலோ கூடினா கரைக்குத் தூக்கிட்டு வரும்போதுதான் தெரியும். துடுப்பு கூடினா ஒவ்வொரு வீச்சுலயும் தோளுக்குத் தெரியும்.

எங்க குழுவில இருந்த துடுப்பெல்லாம் அறுபது அங்குலம், ஆறடி ஆளுக்குச் செஞ்சது. என் பொண்ணு அப்ப பதினஞ்சு வயசு, அஞ்சடி ஒரு அங்குலம். மேல்கை தலைக்கு மேல போய்ப் போய் ரெண்டாவது வாரமே தோள் வலி. "எனக்கு இது வராதுப்பா, நீங்க மட்டும் போங்க"ன்னுட்டா. வராதது அவளுக்கில்ல, அந்தக் கட்டைக்கு.

அளவெடுக்கறது சுலபம். நாற்காலில நிமிந்து உக்காருங்க. உக்காந்த பலகைலேந்து மூக்கு வரைக்கும் உள்ள உயரம்தான் தண்டோட நீளம், அதாவது பிடிலேந்து தட்டை ஆரம்பிக்கிற இடம் வரை. அவளுக்கு 28 அங்குலம். தட்டை 20 அங்குலம். மொத்தம் 48. அறுபதுக்கும் நாப்பத்தெட்டுக்கும் ஒரு முழு அடி வித்தியாசம் பாருங்க.

மரம்? மத்தியப் பிரதேசம் தேக்குக்குப் பேர் போன மாநிலம். மரக்கடைல நுழைஞ்சதுமே "சாகவான்" தான். தேக்கு தண்ணிக்கு அசையாது, ஆனா முழுத் துடுப்பும் தேக்குன்னா கனம். நாங்க நடுத்தண்டுக்குக் கணு இல்லாத, நார் நேரா ஓடற தேவதாரு எடுத்தோம். தட்டையோட ரெண்டு பக்கமும் தேவதாருப் பட்டை ஒட்டி, கரையில இடிபடற நுனிக்கு மட்டும் தேக்கு வச்சோம். ஒட்டறதுக்கு ரெண்டு டப்பா கலந்து பூசற எபாக்ஸி. சாதாரண தச்சுப் பசை தண்ணில நாளாவட்டத்துல விட்டுடும்.

பலகையோட விளிம்பைச் சுத்தி நடுக்கோடு ஒண்ணு போட்டுக்கணும். இழைப்புளி எவ்வளவு ஓட்டினாலும் அந்தக் கோட்டைத் தொடக்கூடாது. ரெண்டு முகமும் சமமா வர்றது அந்தக் கோட்டாலதான். தட்டை நடுவில தடிமனா, ஓரத்துக்குப் போகப் போகக் கால் அங்குலமா மெலியணும். தண்டு உருண்டையா இருக்கக்கூடாது, முட்டை வடிவமா இருக்கணும். அப்பதான் கண்ணால பாக்காமலே தட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு கை சொல்லும். கடைசியா, தட்டைக்கு மட்டும் வார்னிஷ். கை பிடிக்கிற இடத்துக்கு ஆளிவிதை எண்ணெய். வார்னிஷ் பூசின தண்டு உள்ளங்கையைக் கொப்பளிக்க வச்சுடும்.

நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. பால்கனி முழுக்க மரத்தூள். தங்கமணி பாத்த பார்வையை இங்க எழுத முடியாது. ஆனா உப்புத்தாள் போடற கடைசி வாரம் அவங்களும் வந்து உக்காந்தாங்க.

துடுப்பு அமைஞ்சாச்சுன்னா அடுத்தது நேராப் போறது. இடது பக்கம் துடுப்பு போட்டா மூக்கு வலது பக்கம் ஓடும். புதுசா ஓட்டறவங்க நாலு வீச்சு இடம், நாலு வீச்சு வலம்னு மாத்தி மாத்திப் போட்டு, பாம்பு மாதிரி போவாங்க. அதுக்கு மருந்து ஜே வீச்சு. பின்னால இழுத்து முடியறப்ப மேல்கையோட கட்டைவிரலைக் கீழ்ப்பக்கமாத் திருப்பி, தட்டையைக் கொஞ்சமா வெளிப்பக்கம் தள்ளணும். துடுப்பு தண்ணில ஆங்கில 'ஜே' எழுத்தை எழுதும். கட்டைவிரலை மேல்பக்கம் திருப்பினாலும் படகு திரும்பும், ஆனா பிரேக் போட்ட மாதிரி வேகம் செத்துடும். விஷயம் என்னன்னா, ஒவ்வொரு வீச்சுலயும் கொஞ்சம் கொஞ்சமாச் சரி பண்ணணும். வங்கில அன்னன்னிக்குக் கேஷ் டேலி பண்றோம்ல, அதேதான். மாசக் கடைசில பாத்துக்கலாம்னு விட்டா படகு கரைக்கே திரும்பியிருக்கும்.

ரெண்டு பேர் ஓட்டறப்ப முன்னால இருக்கறவங்க தாளம், பின்னால இருக்கறவங்க திசை. முன்னாடி என் பொண்ணு. எதிர்ல பாறையோ மீன் வலையோ வந்தா முதல்ல பாக்கறது அவதான், ஆனா திரும்பி என் முகத்தைப் பாத்துப் பேச முடியாது. அதனால கட்டளை சின்னதா, ஒரே மாதிரி இருக்கணும். நாங்க வச்சுக்கிட்டது நாலு: போடு, இழு, தள்ளு, நில்லு. எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி பக்கம். ஒகேனக்கல்ல பரிசக்காரர் துடுப்பை முன்னால போட்டுத் தன் பக்கம் இழுத்துத்தான் வட்டமான பரிசலை நகத்துவார். கனூவில முன்னால இருக்கறவங்க படகைப் பக்கவாட்டுல நகத்தவும் அதே இழுப்புதான். "இழு"ங்கறதுக்கு அவளுக்கு விளக்கமே தேவைப்படல, ஒரு லீவுல பரிசல்ல பாத்தது ஞாபகம் இருந்துச்சு.

வெளிமாநிலத்துல பிள்ளை வளக்கறவங்களுக்கு இது புரியும். வீட்டுல நான் தமிழ்ல கேப்பேன், அவ இந்தில பதில் சொல்லுவா. திட்டிப் பாத்தோம், ஆன்லைன் வகுப்புல சேத்துப் பாத்தோம். படகுல மட்டும் ஒரு வார்த்தை இந்தி கிடையாது. "அப்பா, வலப்பக்கம் வலை, தள்ளு தள்ளு!" அவசரத்துக்கு வாயில வர்ற மொழியாத் தமிழ் ஆயிருக்கு. இப்ப எங்க குழுவில இருக்கற மிஸ்ரா ஜி, வர்மா ஜி எல்லாம் "இழு"ன்னா இழுக்கறாங்க.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாச் சொல்லணும். நீச்சல் தெரிஞ்சாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏறாதீங்க. 2022 மே மாசம் கொல்கத்தா ரவீந்திர சரோவர்ல துடுப்புப் படகுப் பயிற்சிக்குப் போன ரெண்டு பள்ளிப் பசங்க திடீர்னு வந்த புயல்ல உயிரை விட்டாங்க. ஏரின்னா அமைதின்னு நினைக்காதீங்க. மேகம் கறுத்தா கரை. கவுந்துட்டா படகைப் பிடிச்சுக்கிட்டே மிதக்கணும், கரை பக்கத்துல தெரியுதேன்னு தனியா நீந்தக்கூடாது.

எனக்கு இங்க மூணு வருஷம் முடியப்போகுது. மாறுதல் பட்டியல் எப்ப வேணா வரும். பதினெட்டு வருஷ சர்வீஸ்ல ஆறு ஊர். ஒவ்வொரு ஊர்லயும் பீரோ, தொட்டி, துளசி மாடம்னு எதையாவது யாருக்காவது குடுத்துட்டுத்தான் கிளம்பியிருக்கோம். படகுல என் பங்கை மிஸ்ரா ஜி வாங்கிக்கறேன்னு சொல்லிட்டார்.

பொண்ணுக்கு பெங்களூர்ல காலேஜ் கிடைச்சிருக்கு. போன வாரம் பெட்டி கட்டும்போது துடுப்பைப் பழைய பெட்ஷீட்ல சுத்தி வச்சிருந்தா. நாலடிதானே, ரயில் சீட்டுக்கு அடில தாராளமாப் போகும். "அங்க இதை வச்சு என்னம்மா பண்ணுவே?"ன்னு கேட்டேன்.

"ஏரி இல்லாத ஊர் இருக்காப்பா? படகு யார்கிட்டயாவது இருக்கும்"னா. தமிழ்லதான் சொன்னா.

டிஸ்கி: மிச்சமிருக்கற தேவதாருப் பலகைல அடுத்தது தங்கமணிக்கு. உக்காந்த பலகைலேந்து மூக்கு வரைக்கும் 29 அங்குலம். அளவு எடுத்தாச்சு, அனுமதிதான் பாக்கி.