எண்ணெய், மருதாணி, ஒரு முழம் பூ

எங்கள் அம்மாக்களுக்கு எண்ணெய்க் குளியல் என்றால் அது தீபாவளி அன்று மட்டும்தான். அன்றைக்கும் பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் மாமியாருக்கும் தேய்த்துவிட்டு, கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருப்பதை உள்ளங்கையால் வழித்து உச்சியில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவார்கள். செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. எங்களுக்கு அந்த இரண்டு நாளும் களையெடுப்புக்குப் போகிற நாள்கள்.

பெண்கள் பத்திரிகைகளில் 'உங்களுக்காக ஒரு மணி நேரம்' என்று எழுதுகிறார்கள். வெந்நீர்த் தொட்டியில் ரோஜா இதழ் மிதக்கும், பக்கத்தில் மெழுகுவத்தி எரியும். குடத்துக்குக் குடம் தண்ணீர் தூக்குகிறவர்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் என்கிற வார்த்தை எங்களை விடவில்லை. இதைத் தோழர்களிடம் சொன்னபோது, எத்தனையோ வேலை கிடக்கையில் அழகுக் குறிப்பா என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டியிருக்கிறது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் நம் மக்கள் மீது 8 தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், சாதியைப் பற்றிய தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, ஆடு மாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு அந்தத் தடைகள் 11 ஆயின.

ஒரு முழம் பூவுக்காகக் குடிசையைக் கொளுத்தியிருக்கிறார்கள். பூவும் மஞ்சளும் அற்ப விஷயம் என்று நம் தோழர்கள் நினைக்கலாம், தடை போட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1927 டிசம்பரில் மகாடில் மனுஸ்மிருதியை எரித்த மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை கட்டாதீர்கள், உடம்பெல்லாம் அடுக்கியிருக்கும் அந்த மலிவான காப்புகளையும் சங்கிலிகளையும் கழற்றுங்கள் என்றார். அங்கே சிலவற்றைக் கழற்றுவது விடுதலையாக இருந்தது, இங்கே பூ வைப்பது விடுதலையாக இருந்தது. இரண்டு இடத்திலும் சண்டை ஒன்றுதான்: என் உடம்பில் எது இருக்க வேண்டும் என்று யார் சொல்வது?

நாங்கள் சில பெண்கள், மதுரைப் பக்கத்துக்காரர்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுகிறோம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் தூய்மைப் பணியாளர்களும் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரும் வருவார்கள். அன்றைக்கு மனு எழுதுவதில்லை, கூட்டமும் போடுவதில்லை. முதலில் கால்தான். வயல் சேற்றில் நிற்கிற கால் எப்படி வெடித்திருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது, ஐந்து ரூபாய்க் காசு செருகலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கை கல் உப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்து, பீர்க்கங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் துடைத்து விளக்கெண்ணெய் தடவி, பிள்ளைகளின் பழைய சாக்ஸை மாட்டிவிட்டால் காலையில் கால் வேறு மாதிரி இருக்கும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும், சூடு தெரியாது. அவர்களுக்குத் தண்ணீரை இன்னொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும். அழுத்தித் தேய்க்கவே கூடாது.

தூய்மைப் பணி செய்யும் அக்காக்களின் கை வேறு கதை. பிளீச்சிங் பவுடர் தின்ற கை அது. கிழியாத கையுறை கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்தக் கைக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும்தான், தோல் வெடித்திருக்கும்போது எலுமிச்சையும் மஞ்சளும் எரியும். தோல் ஆறிய பிறகே மருதாணி. இலையோடு கொஞ்சம் கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அம்மியில் அரைத்தால் போதும். கடையில் விற்கும், அரை மணியில் கறுப்பாகப் பிடிக்கும் கோனை நாங்கள் வாங்குவதில்லை. தலைச்சாயத்தில் போடுகிற ரசாயனம் அதில் கலந்திருக்கலாம், சிலருக்குக் கொப்புளித்துவிடும். மருதாணியில் ஒரு நல்ல விஷயம், கையில் வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராலும் நம்மை வேலை ஏவ முடியாது. இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிவப்பழகுக் களிம்பு மட்டும் எங்கள் திண்ணைக்கு வராது. 2020-இல் அந்தப் பிரபல களிம்பு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களின் வாயிலிருந்து அது இன்னும் போகவில்லை.

போன மாதம் ஒரு அப்பத்தா வந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல், மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறிக்கிறவர். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். விடியும் முன்னே பனியில் நனைந்து அதைப் பறிக்கிறவர்கள் பெரும்பாலும் இவர்களைப் போன்ற பெண்கள். தலைக்கு மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வைத்து, அரப்பு போட்டு அலசி, சிக்கெடுத்துப் பின்னினோம். ஒரு கல்லூரிப் பிள்ளை பூவை நீட்டியதும் தலையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு எதுக்குத்தா பூவு? அறுத்துப் போட்டு இருபது வருசமாச்சு."

"தினமும் கூடை கூடையாப் பறிக்கிறீங்கள்ல அப்பத்தா?"

"பறிக்கிறது வேற, வைக்கிறது வேற."

யாரும் வற்புறுத்தவில்லை. 1930-இல் பூவைத் தடுத்தவர்கள் வெளியே இருந்தவர்கள். தாலி அறுத்த பெண்ணிடமிருந்து பூவையும் பொட்டையும் வளையலையும் பிடுங்குகிறவர்கள் நம் தெருவிலேயே, நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதை ஊர்க்காரர்கள் மேல் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. கிளம்பும்போது அப்பத்தா அந்தப் பூவைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வைத்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

இத்தனையும் செய்த பிறகு இடிப்பது ஒன்றே ஒன்று. எண்ணெய் தேய்த்த தலையோடு எங்கே போய்க் குளிப்பது? எங்களில் பாதிப் பேர் வீட்டில் குளியலறை கிடையாது. ஓலைத் தடுப்புக்குப் பின்னால் பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, யார் வருகிறார்கள் என்று ஒரு கண்ணை வைத்துக்கொண்டே ஊற்றிக்கொள்கிற தண்ணீர் அது. ஈரப் பாவாடைக்குள்ளேயே சோப்புப் போட்டு ஈரப் பாவாடைக்கு மேலேயே மாற்றுத்துணி கட்டுகிற வித்தை எங்கள் பிள்ளைகளுக்குப் பத்து வயதிலேயே தெரியும். தன் உடம்பை முழுசாக ஒரு முறை பார்த்துக் குளித்திராத பெண்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். மார்பில் கட்டி வந்தாலும் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் தெருவுக்கென்று கட்டிய மகளிர் சுகாதார வளாகம் ஒன்று இருக்கிறது. மோட்டார் கெட்டுப்போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. உள்ளே கதவோடு நான்கு குளியலறைகள். அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்க மனு தயாராகிவிட்டது: மோட்டாரைச் சரிசெய்ய வேண்டும், சாவி எங்கள் தெருப் பெண்களிடம் இருக்க வேண்டும், ஒரு கண்ணாடி மாட்ட வேண்டும். கண்ணாடி எதற்கு என்று எப்படியும் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல நாங்கள் முப்பது பேராவது போகிறோம்.